பல் வரட்டும் என்று காத்திராதீர்கள்

(ஹெவ்லொக் டவுனில் இளம் பெற்றோருக்காக நடந்த மாலைக் கூட்டமொன்றில் குழந்தைநல வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளையின் வாழ்க்கையில் ஏழாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதம் வரையுள்ள காலத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அரைத்துக் கரைத்த சாப்பாட்டை விட்டு, கடித்து மென்று விழுங்கும் சாப்பாட்டுக்குப் பிள்ளை வருகிற காலம் அது. இந்தப் பகுதி வீடுகளில் அந்த மாற்றம் பிந்திக்கொண்டே போகிறது. ஒரு வயது தாண்டிய பிறகும், சில வீடுகளில் இரண்டு வயதை நெருங்கும்போதும், சோறும் பருப்பும் கரட்டும் பிளெண்டருக்குள் போய்க் கூழாகத்தான் வெளியே வருகின்றன. இது மாற வேண்டும் என்று மனதாரச் சொல்வதற்காகவே உங்கள் முன் நிற்கிறேன்.

முதல் ஆறு மாதத்தைப் பொறுத்தவரை இலங்கைத் தாய்மார் பெருமைப்படலாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டது. உலகில் மிகச் சில நாடுகளே எட்டியிருக்கிற இலக்கம் அது. அதே அளவீட்டின் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால் மனம் கனக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17 சதவீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 சதவீதத்தினருக்கு உயரத்திற்கேற்ற நிறை இல்லை. இதற்கு வறுமை ஒரு காரணம், நோய் ஒரு காரணம், பிறப்பு நிறை ஒரு காரணம். தாய்ப்பாலுக்குப் பிறகு என்ன கொடுக்கிறோம், எவ்வளவு தடிப்பாகக் கொடுக்கிறோம் என்பதும் ஒரு காரணம். நம் கையில் உள்ளது இந்தக் கடைசிக் காரணம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வேலைக்குப் போகும் தாய்க்கு இந்த நாட்டில் 84 வேலைநாட்கள் பிரசவ விடுமுறை கிடைக்கிறது. பிள்ளைக்கு நாலு மாதமாகும்போது அது முடிந்துவிடும். முதல் கரண்டிச் சோறு போவதோ ஆறு மாதம் நிறைந்த பிறகு. அப்படியானால் பிள்ளைக்குச் சாப்பிடப் பழக்குவது யார்? பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பம்மாவோ வீட்டில் உதவிக்கு நிற்கும் அக்காவோதான். கிளினிக்கில் மிட்வைஃப் சொல்லிக் கொடுப்பது தாய்க்கு. சோறு தீத்துவது வேறொருவர். அறிவுரை ஒரு கையிலும் கிண்ணம் இன்னொரு கையிலும் இருப்பதால்தான் பாதிச் சிக்கல். அதனால் இன்றைய பேச்சில் பெரும்பகுதி, பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கிற அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும்தான்.

அம்மம்மாமார் என்னிடம் சொல்வது ஒரே வசனம்: "பல் வரட்டும் டொக்டர், அதுக்குப் பிறகு குடுப்பம்." நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் முன்னால் வருகிற பற்கள் கடிக்கிற பற்கள். மெல்லுவதற்கான கடைவாய்ப்பற்கள் ஒரு வயதுக்குப் பிறகே, பல பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதை ஒட்டியே வருகின்றன. அவற்றுக்காகக் காத்திருந்தால் பழக வேண்டிய காலம் கைவிட்டுப் போய்விடும். மெத்தென்று அவிந்த பூசணித் துண்டை நசுக்கப் பிள்ளையின் முரசே போதும். சந்தேகமிருந்தால் சுத்தமாகக் கழுவிய விரலை ஏழு மாதப் பிள்ளையின் வாயில் வைத்துப் பாருங்கள், அதன் பலம் தெரியும்.

வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாலு மாதப் பிள்ளையின் உதட்டில் கரண்டியை வைத்தால் நாக்கு அதை வெளியே தள்ளும். பால் குடிக்கவென்று அமைந்த நாக்கு அது. ஆறு மாதமளவில் அந்த உந்தல் தணிகிறது, கழுத்து நிமிர்கிறது, பிள்ளை சாய்மானத்தோடு உட்காருகிறது. அப்போது தாடை மேலும் கீழும் அசையத் தொடங்கும். அடுத்த மாதங்களில் நாக்கு பக்கவாட்டில் நகரப் பழகும். உணவுக் கட்டியை ஒரு பக்க முரசுக்குத் தள்ளும், நசுங்கியதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும். அரைப்பது போல் சுழற்றி மெல்லும் திறமை ஒரு வயதுக்கு மேல் வந்து, இரண்டு மூன்று வயது வரை தேறிக்கொண்டே போகும். இவற்றில் ஒன்றுகூடக் கூழ் குடித்துப் பழகுவதில்லை. நாக்குக்குப் பக்கத்தில் தள்ள ஒரு கட்டி வேண்டும். கட்டியே வராத வாயில் நாக்கு எதைத் தள்ளிப் பழகும்?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சூழ்ந்த ஏவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த பல்லாயிரம் பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கட்டியுள்ள உணவைப் பத்து மாதத்திற்குப் பிறகே ருசிபார்த்த பிள்ளைகள், ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் பழகியவர்களைவிடப் பதினைந்து மாதத்தில் சாப்பாட்டுக்கு அதிகம் சண்டை பிடித்தார்கள் என்று 2001இல் எழுதினார்கள். அதே பிள்ளைகளுக்கு ஏழு வயதானபோதும் பார்த்தார்கள். பிந்திப் பழகியவர்கள் அப்போதும் மரக்கறியும் பழமும் குறைவாகவே சாப்பிட்டார்கள். 2009இல் அது வெளிவந்தது. இது கவனித்து எழுதியது, சோதித்து நிறுவியதல்ல. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத்தான் தாய் பிந்திக் கொடுத்திருக்கவும் கூடும். ஆனாலும் நான் பார்க்கும் பிள்ளைகளின் நிலை அதோடு ஒத்துப்போவதால், ஒன்பது மாதத்துக்கு மேல் பிளெண்டர் வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறேன். சொல்லப்போனால் முதல் நாளிலிருந்தே அது தேவையில்லை. குழைந்த சோற்றைக் கையால் பிசைவதும் கரண்டியின் முதுகால் மசிப்பதும் போதும். கையால் மசித்ததில் இயல்பாகவே சிறு கட்டிகள் இருக்கும். மிக்சியின் வழுவழுப்பை நம் பாட்டிமார் கண்டதே இல்லை.

யாழ்ப்பாணத்து வீடுகளில் முதற்பல் தெரிந்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறோம். தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரிக் குத்திய கொழுக்கட்டையைப் பிள்ளையின் தலையில் கொட்டி, முன்னால் புத்தகமும் பேனையும் நகையும் பரப்பி, எதை எடுக்கிறது என்று எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறோம். கொழும்புக்கு வந்த பிறகும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதை விடாமல் செய்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடிக்கும். அந்த நாளில் பிள்ளை கையை நீட்டி ஒன்றை எடுப்பதை அவ்வளவு ஆசையாகப் பார்க்கும் நாம், மறுநாள் சாப்பாட்டுக் கிண்ணத்தில் கைவைக்கும்போது ஏன் அந்தக் கையைப் பிடித்து மடக்குகிறோம்? எட்டு ஒன்பது மாதத்தில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு பருக்கையைக் கிள்ளி எடுக்கும் திறமை வருகிறது. அவித்த போஞ்சித் துண்டு, விரல் நீளத்துக்கு வெட்டிய வற்றாளங்கிழங்கு, கனிந்த பப்பாசிப்பழம், இரண்டு விரலால் அழுத்தினால் மசிகிற எதுவும் அந்தக் கைக்குப் பொருந்தும். நிலத்தில் ஒரு பழைய விரிப்பைப் போடுங்கள். சிந்தட்டும்.

இனி விக்கலுக்கும் அடைப்புக்கும் வருகிறேன். பிளெண்டரை விட முடியாமல் நம்மைப் பிடித்து வைத்திருப்பது பிள்ளைக்கு அடைத்துவிடுமோ என்ற பயம்தான், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. முதலில் ஓங்காளத்தையும் மூச்சடைப்பையும் பிரித்தறிய வேண்டும். பெரியவர்களுக்கு ஓங்காளம் வரும் இடம் நாக்கின் அடியில் இருக்கிறது. பிள்ளைக்கு அது முன்னுக்கே இருக்கிறது. கட்டி தொண்டையை எட்டும் முன்பே ஓங்காளித்து வெளியே தள்ளிவிடும். முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், இருமும், சத்தம் வரும். பார்க்கப் பயமாயிருந்தாலும் அது பிள்ளையைக் காக்கிற ஏற்பாடு. அந்த நேரத்தில் விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டினால் கட்டியை உள்ளே தள்ளிவிடுவோம். மூச்சடைப்பு வேறு. சத்தமே வராது, இருமல் வராது, அழ முடியாது, உதடு நீலமாகும்.

நியூசிலாந்தில் 206 பிள்ளைகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குக் கையால் தானே எடுத்துச் சாப்பிடப் பழக்கினார்கள், மறு கூறுக்கு வழக்கம்போலக் கரண்டியால் ஊட்டினார்கள். பெற்றோருக்கு எந்த உணவு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். 2016இல் வெளிவந்த முடிவின்படி இரு கூறுக்கும் மூச்சடைப்பில் வேறுபாடு இல்லை. கையால் சாப்பிட்டவர்களுக்கு ஆறாம் மாதத்தில் ஓங்காளம் கூடுதலாக இருந்தது, எட்டாம் மாதத்தில் குறைந்துவிட்டது. வாய் பழகிக்கொண்டது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

ஆபத்து கட்டியில் இல்லை. உருண்டையிலும் கடினத்திலும் வழுக்கலிலும் இருக்கிறது. முழுக் கச்சான், முழுக் கஜு, கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட், அவிக்காத ஆப்பிள் துண்டு, டொபி, சொசேஜை வட்டமாக வெட்டிய துண்டு, இவை எதுவும் வேண்டாம். ரம்புட்டான் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்த விதை தொண்டையில் சிக்கிப் பிள்ளைகள் இறந்த செய்தி இந்த நாட்டில் வந்திருக்கிறது. திராட்சையை நெடுக்காக நாலாக வெட்டுங்கள். மீனை முள் பார்த்து, உங்கள் விரலால் உதிர்த்துக் கொடுங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தபடியோ தவழ்ந்தபடியோ ஓடுகிற வாகனத்திலோ கொடுக்கக்கூடாது. சாப்பிட்டு முடியும்வரை பெரியவர் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, தடிப்பு. பிள்ளையின் வயிறு சின்னது, ஒவ்வொரு கிலோ நிறைக்கும் 30 மில்லிலீற்றர் அளவுதான் ஒரு நேரத்தில் கொள்ளும். எட்டுக் கிலோப் பிள்ளைக்கு ஒரு தேநீர்க் கோப்பை நிறைந்தால் இடம் முடிந்தது. அந்த இடத்தைத் தண்ணீர்க் கஞ்சியால் நிரப்பினால் சத்துக்கு இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி தாய்ப்பாலுக்கு மேலதிகமாக உணவிலிருந்து ஆறு முதல் எட்டு மாதம் வரை ஏறக்குறைய 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை 300 கலோரியும், ஒரு வயதுக்குப் பிறகு 550 கலோரியும் வேண்டும். பிளெண்டர் சுற்ற வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கேதான் கலோரி கரைந்து போகிறது. கரண்டியைச் சரித்தால் வழிந்து விழாமல் நிற்கிற பதம் வேண்டும். அதன்மேல் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ கட்டித் தேங்காய்ப்பாலோ சேருங்கள்.

தடிப்பைவிட எனக்குக் கவலை தருவது இரும்புச் சத்து. தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்த இருப்பு ஆறு மாதமளவில் தீர்ந்துபோகிறது. ஒரு லீற்றர் தாய்ப்பாலில் இருப்பதோ அரை மில்லிகிராமுக்கும் குறைவு, பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவை 10 மில்லிகிராமளவு. கரட்டும் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் அரைத்த கூழில் அது கிடைக்காது. நிறம் அழகாயிருக்கும், இரத்தம் ஊறாது. கோழி ஈரல், இறைச்சி, மீன், முட்டை இவைதான் முதல் வரிசை. சைவ வீடுகளில் பருப்பு, பயறு, கௌபி, கீரை. அவற்றிலுள்ள இரும்பு உடம்பில் சேர அதே வேளையில் ஒரு புளிப்புப் பழம் வேண்டும். கீரை மசியலில் நாலு துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள், அல்லது பின்னால் கொய்யாப்பழமோ தோடம்பழமோ கொடுங்கள். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் இந்தத் தெருக்களில் எல்லா வீட்டிலும் உண்டு. தேயிலை இரும்பைச் சேரவிடாது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். சைவப் பிள்ளைகளுக்கு இரத்தப் பரிசோதனை தேவையா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை பற்றிப் பேசாமல் இதைச் சொல்வது நியாயமில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. இந்தப் பகுதியில் முன்பு நெசவாலை நின்ற மண்ணில் இன்று மாடி வீடுகள் எழுந்து நிற்கின்றன. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் கிருலப்பனை வாய்க்கால் ஓரத்தில், ஒரு முட்டையை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிடும் வீடுகளும் இருக்கின்றன. 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துமா அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் பெரிய துணை. நிறை குறைந்த பிள்ளைக்குக் கிளினிக்கில் தந்தால் வெட்கப்படாமல் வாங்குங்கள், அதைப் பிள்ளைக்கே கொடுங்கள், வீட்டாருக்குப் பலகாரமாகப் பங்கிட வேண்டாம். விலை உயர்ந்த டப்பா உணவு எதுவும் தேவையில்லை. சந்தையில் நெத்தலியும் சூரையும் கிடைக்கின்றன, முருங்கையிலை வேலியில் கிடைக்கிறது.

சரி, தட்டில் என்ன வைப்பது? நம் வீட்டுச் சமையலில் இந்தப் படிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆறு மாதத்தில் குழையக் காய்ச்சிய சோறும் மைசூர்ப் பருப்பும் மசித்து. ஒரு வாரம் போனதும் பூசணி, முட்டை, கீரை ஒன்றொன்றாகச் சேரும். ஏழு எட்டு மாதத்தில் இடியப்பத்தைச் சிறிதாக நறுக்கிச் சொதியில் ஊறவிட்டால், நாக்கு பழக இதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியவில்லை; மெல்லிய நூல், மெத்தென்றிருக்கும், ஆனாலும் கட்டி கட்டியாக உணரும். புட்டு உதிரியாக இருப்பதால் முதலில் இருமவைக்கும். வாழைப்பழமும் பாலும் விட்டுப் பிசைந்தால் பிடித்துக்கொள்ளும். ஒன்பது பத்து மாதத்தில் தோசைத் துண்டு, இட்டலி, உதிர்த்த மீனும் பிசைந்த சோறும் சின்ன உருண்டையாக. நாளுக்கு மூன்று நான்கு நேரம். ஒரு வயதில் உங்கள் சோறு கறியே பிள்ளைக்கும். உப்பும் தூளும் போடும் முன்பு அதற்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தால் தனிச் சமையல் மிச்சம். ஒரு வயதுக்குள் உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம். தேன் ஒரு சொட்டும் கூடாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமி பிள்ளையின் நரம்பைத் தாக்கும்.

முட்டை, கச்சான், மீன் எல்லாம் ஒவ்வாமை தரும் என்று ஒதுக்கி வைக்கச் சொன்ன காலமொன்று இருந்தது. அது தலைகீழாகிவிட்டது. 2015இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள 640 பிள்ளைகளில், முதல் ஆண்டிலேயே கச்சான் சேர்ந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை பல மடங்கு குறைந்திருந்தது. முழுதாக அல்ல, மா போல் அரைத்துச் சோற்றிலோ கஞ்சியிலோ கரைத்துக் கொடுங்கள். பிள்ளைக்குக் கடுமையான கரப்பன் இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

தொலைபேசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாட்டுப் படத்தைக் காட்டி வாய் திறக்கும் இடைவெளியில் கரண்டியைச் செருகுவது ஊட்டல் ஆகாது. அப்படிப் போன சோற்றைப் பிள்ளை பார்க்கவில்லை, மணக்கவில்லை, மெல்லவுமில்லை. கூழாக இருந்தால்தான் அது நடக்கும் என்பதாலேயே கூழ் நீடிக்கிறது. பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை வைத்தியர், பால் மறந்த 15 பிள்ளைகளுக்கு முன்னால் பதப்படுத்தாத 34 எளிய உணவுகளை முறைவைத்துப் பரப்பி, தாங்களாக எடுக்கும்வரை தாதியர் கரண்டியைத் தூக்கக் கூடாது என்று கட்டளையிட்டார். 1939இல் அதை எழுதியபோது, பிள்ளைகள் நாளுக்கு நாள் தாறுமாறாகச் சாப்பிட்டாலும் நன்றாகவே வளர்ந்தார்கள் என்றார். கணை நோயோடு வந்த பிள்ளை மீனெண்ணெயைத் தானாகவே குடித்து, குணமானதும் விட்டுவிட்டதாம். அந்தச் சோதனையின் உயிர் தட்டில் வைத்த உணவுகளில் இருந்தது. இனிப்புப் பண்டம் ஒன்றுமே இல்லை. எதை வைப்பது என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். தலையைத் திருப்பினால் நிறுத்துங்கள். துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். எட்டுப் பத்துத் தடவை கண்ட பிறகுதான் பல பிள்ளைகள் புதிய உணவை ஏற்கும்.

நான் சொன்னது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. மாதம் முந்திப் பிறந்தவர்களுக்கும் நரம்புக் குறைபாடோ அண்ணப் பிளவோ உள்ளவர்களுக்கும் வேறு கால அட்டவணை உண்டு. பத்து மாதமாகியும் சின்னக் கட்டியைக்கூட வாயில் வைத்திருக்க முடியவில்லை, ஒவ்வொரு வாய்க்கும் இருமுகிறது, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக ஒலிக்கிறது, கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு படுத்துவிட்டது, ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, இவற்றில் ஒன்றிருந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள்வரை பொறுக்காமல் காட்டுங்கள். விழுங்கும் சிக்கலைப் பேச்சுச் சிகிச்சையாளர்களே பார்க்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

கடைசியாக, மூச்சடைப்புக்கான முதலுதவி. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்செலும்பின் மேல் ஐந்து அழுத்து. வயிற்றை அமுக்கக்கூடாது, கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் தேடக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைக் கேட்டால் போதாது, கையால் செய்து பார்க்க வேண்டும். மேசையில் இரண்டு பொம்மைகள் வைத்திருக்கிறேன். அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, நீங்கள் முதலில் வாருங்கள்.